பூச்சி காப்பகத்துக்குப் போகிறாள்

ஆகஸ்ட் 11, திங்கள்

காப்பகத்திலிருந்து பட்டியல் வந்துவிட்டது. இரண்டு பக்கம். பத்து மாதக் குழந்தை பகல் பொழுதைக் கழிப்பதற்கு, படையெடுப்புக்குப் போகிற அளவு சாமான் கேட்டிருக்கிறார்கள். மாற்றுத் துணி நான்கு ஜோடி, எச்சில் துணி ஆறு, போர்வை, மூடி வைத்த குவளை, அப்புறம் 'வீட்டு வாசனை உள்ள ஏதேனும் ஒரு துணி'. எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டுமாம். காலுறையிலும்கூட. என் மகள் பூச்சியின் காலுறை என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அதில் எந்த மூலையில் எழுதுவது?

கடைசியில் பூ வரைந்த கட்டத்துக்குள் ஒரு வரி: 'உங்கள் செல்லம், எங்கள் செல்லம்.' ஐயோ, புல்லரிக்கிறது.

மூன்று வாரத்தில் நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலைக்குத் திரும்ப வேண்டும். என் இடத்துக்கு வந்தவர் லிஃப்டில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, எல்லாம் நன்று என்று எழுதி அனுப்புகிறாராம். கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று மேலே ஏறிப் பார்ப்பதில்லை. ஏன் பார்க்க வேண்டும்? விழுந்தால் அவரா விழப்போகிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மூவரும் காப்பகத்தைப் பார்க்கப் போனோம். பதினைந்து நிமிடத்தில் ஏழு குறை. கதவு இடுக்கில் விரல் மாட்டாமலிருக்க ஒரு தடுப்பு இல்லை. வாசல் தாழ்ப்பாளை மூன்று வயதுப் பிள்ளை எம்பினால் எட்டிவிடும். மீதியையும் சொன்னேன். பொறுப்பாளர் அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, ஒரே சிரிப்பைப் பதினைந்து நிமிடமும் கலையாமல் வைத்திருந்தார். அதுவும் ஒரு திறமைதான்.

வீட்டுக்காரர் குழைந்தார். "அவ எதைப் பாத்தாலும் இப்படித்தான். தப்பா நினைச்சுக்காதீங்க." மருந்துக்கடையில் நின்று நின்று எல்லோரிடமும் தணிந்து பேசியே பழகிவிட்ட மனுஷர்.

கைக்குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு நான் வைத்த பெயர் கிளி. ஐம்பது வயது, பச்சை மேலங்கி, கீச்சுக்குரல். "யாரு வந்திருக்கா? நம்ம வீட்டுக்கு யாரு வந்திருக்கா?" என்று ஒரே கேள்வியை ஒன்பது தடவை கேட்டாள். பதில் தெரியாமலா கேட்கிறாள்? பூச்சியோ வாயைப் பிளந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயிற்றில் பிறந்தது இவ்வளவு சீக்கிரம் மயங்கும் என்று நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தாள். "ஒரு வயசுகூட ஆகல. எப்படி அண்ணி மனசு வருது?"

மனசு பற்றி யார் பேசுவது! அவள் மகனுக்கு நான்கு வயது. அம்மா குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று ஊரைக் கூட்டுகிறான். பக்கத்து வீட்டில் தும்மினால் விழித்துக்கொள்கிறான். நானும் விடவில்லை. "எங்க பூச்சி அப்படியில்ல. நேத்து அவ தூங்கறப்ப தலைமாட்டுச் சுவத்துல ஆணி அடிச்சேன். அசையல," என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று நாத்தனார் போனை வைத்தாள். வெகுநாள் கழித்து எனக்கு ஒரு வெற்றி.

"இன்னும் ஒரு 'ம்மா'கூட வரலையே?" என்று வீட்டுக்காரர் இழுத்தார். வேண்டாத பேச்சு பேசாதவள் என் மகள். அவர் பக்கத்து ஆட்களைப் போல இல்லை.

ஆகஸ்ட் 20

முப்பத்தொரு துணியில் பெயர் எழுதி முடித்தேன். யார் படித்துக் கிழிக்கப் போகிறார்களோ.

ஆகஸ்ட் 25, திங்கள்

'பழகும் வாரம்' தொடங்கியது. முதல் நாள் ஒரு மணி நேரம், அம்மாவும் கூட இருக்கலாமாம். ஒரு குட்டி நாற்காலியைக் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். முழங்கால் தாடையில் இடித்தது. மற்ற மூன்று குழந்தைகளும் அழுது கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. பூச்சி மட்டும் ஒரு மர வளையத்தை மென்றபடி மகாராணி மாதிரி இருந்தாள். கிளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். வளர்ப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

என்ன தைரியம் அவளுக்கு!

அழைத்துக்கொண்டு கிளம்பும்போது கிளி வாசல்வரை வந்தாள். அந்தக் கொஞ்சல் குரலைக் காணோம். சாதாரணக் குரலில் பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாப்பாவுக்குக் காது ஒரு தடவை காட்டிருங்க."

"ஏன்? என்ன காதுக்கு?"

"பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. டப்பா விழுந்துச்சு, மத்ததுக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டுச்சு, இது திரும்பல. முகத்தைப் பாத்தாத்தான் சிரிக்குது."

"பொறந்தப்பவே செக் பண்ணிட்டாங்க. சரியாதான் இருக்கு. நீங்க என்ன டாக்டரா?"

"இல்லம்மா. இருபது வருஷமா கொழந்தைங்களப் பாக்கறேன்."

இருபது வருடம் பார்த்தால் டாக்டரா? அப்படியானால் இருபது வருடமாக லிஃப்டில் ஏறி இறங்குகிற மாடி வீட்டுக்காரரெல்லாம் இன்ஸ்பெக்டர்தான். மூன்றே நாள் என் குழந்தையைப் பார்த்துவிட்டு என்னிடம் குறை சொல்ல வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 28

பொறுப்பாளர் அம்மாளிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம், தெளிவாக. தகுதி இல்லாதவர்கள் நோய் கண்டுபிடிக்க வேண்டாம், என் மகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று. அலுவலகத்தில்கூட இவ்வளவு நல்ல அறிக்கை நான் எழுதியதில்லை.

ஆகஸ்ட் 30, சனி

அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் செய்தேன். அதற்காக மட்டும்தான்.

காலையில் பூச்சி தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சமையலறை வாசலில் நின்று கூப்பிட்டேன். கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை தட்டினேன். பெரிய குண்டாவின் மூடியை எடுத்துக் கீழே போட்டேன் — அது உருண்டு உருண்டு அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று! வீட்டுக்காரர் பாதி சவரத்தில் நுரையோடு ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

பூச்சி மூன்றாவது கட்டையை வைத்தாள்.

மறுபடியும் போட்டேன். மறுபடியும். அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும்டி. விடு."

அப்புறம் எங்கள் நிழலைப் பார்த்துத் திரும்பினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பத்து மாசமா இப்படித்தான் சிரிச்சிருக்கா. சமத்து, சமத்துன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆணி அடிச்சேன்னு பெருமை வேற. லிஃப்ட் உருளை தேய்ஞ்சா சத்தத்தை வச்சே சொல்ற பெரிய இன்ஸ்பெக்டர்! தூ.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரி. தலையில் வயர்களை ஒட்டி, தூங்கவைத்துச் சோதித்தார்கள். நேற்று வேலைக்குப் போயிருக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம் விடுப்பு கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டு காதிலும் குறை. முழுவதும் இல்லை, ஆனால் முக்கால்வாசிக்கு மேல் கேட்காது. பிறக்கும்போது சரியாக இருந்து பிறகு குறைவதும் உண்டாம். காதில் மெஷின் வைத்தால் பேச்சு வரும், சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர். "பல பேரு ரெண்டு வயசுக்கு மேலதான் வருவாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நான் பூச்சியின் காலுறையை இழுத்துவிட்டேன். வீட்டுக்காரர்தான் சொன்னார்: "காப்பகத்துல ஒரு அம்மா சொன்னாங்க." முதல்முறையாக அவர் தணியாத குரலில் பேசிக் கேட்டேன்.

காதுக்குள் மாவு மாதிரி எதையோ வைத்து மெஷினுக்கு அச்சு எடுத்தார்கள். பூச்சி டாக்டரின் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

காப்பகம் போனேன். கைக்குழந்தைகள் அறையில் ஒரு சின்னப்பெண். கிளி இல்லை. என் புகாருக்குப் பிறகு அவளைப் பெரிய பிள்ளைகள் அறைக்கு மாற்றிவிட்டார்களாம். நான் எழுதினால் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை நடக்கிறது! தாழ்ப்பாள் மட்டும் இன்னும் அதே உயரத்தில்.

கிளி தோட்டத்தில் ஒரு பையனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்து வந்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க சொன்னது சரி," என்றேன்.

"தெரியும்மா." சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்து முடித்தாள். "மெஷினுக்கு அச்சு எடுத்தாச்சா?"

"ஆச்சு. நான் எழுதிக் கொடுத்தது — அதைத் திரும்ப வாங்கிக்கறேன். நீங்க பழைய ரூமுக்கே வரணும்."

"இங்க எனக்கு நல்லாதான் இருக்கு. தூக்கற வேலை இல்ல. இடுப்பு வலி இல்ல."

கெஞ்ச எனக்குத் தெரியாது. நின்றேன். அவளும் உடனே இரங்கிவிடவில்லை. அந்தப் பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கோவத்துல நான் பேசினது..." என்று தொடங்கினேன். மன்னிப்பு என்கிற வார்த்தையையும் கடைசியில் சொல்லிவிட்டேன்.

"மெஷினை எல்லாக் கொழந்தையும் பிடுங்கிப் போடும்," என்றாள். "பத்து தடவ போட்டா பத்து தடவையும் எடுத்து மாட்டணும். அந்தச் சின்னப்பொண்ணுக்குப் பொறுமை பத்தாது. மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன்."

செப்டம்பர் 29, திங்கள்

மெஷின் வந்தது. மாட்டிவிட்டு வீட்டுக்காரர் கூப்பிட்டார். பூச்சி திடுக்கிட்டு, உதடு பிதுங்கி, அழுதாள். அவரும் அழுதார். யார் அழுவதை முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் நான் நின்றேன்.

அக்டோபர் 6

வேலைக்குப் போனேன். எனக்குப் பதிலாக இருந்தவர் 'நன்று' போட்ட லிஃப்டுகளில் மூன்றை நிறுத்தி வைத்தேன். மாலையில், பழைய அறைக்கே திரும்பிவிட்ட கிளி சொன்ன கணக்கு: பதினான்கு தடவை பிடுங்கல், பதினான்கு தடவை மாட்டல். இனிமேல் நானும் பின்னால் நின்று கூப்பிடக்கூடாதாம், எதிரே உட்கார்ந்துதான் பேச வேண்டுமாம். உத்தரவு.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் போனால் அறையில் வேறொருத்தி. பொறுப்பாளர் அம்மாளிடம் கேட்டேன்.

"அவங்க லீவு மேடம். தங்கச்சிக்கு ஆபரேஷன். ரெண்டு நாள்."

"சொல்லவே இல்லையே?"

"உங்ககிட்டயா மேடம்?" என்றார், அதே சிரிப்போடு.

இரண்டு நாள்! ஆளாளுக்கு நினைத்தபோது விடுப்பு. இதெல்லாம் ஒரு நிர்வாகமா? புதியவளுக்கு மெஷினை எப்படிப் போடுவது என்று மூன்று தடவை காட்டினேன். எதிரே உட்காரச் சொன்னேன். குரலைக் கொஞ்சம் கீச்சென்று வைத்துக்கொண்டால் நல்லது என்றும் சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பூச்சி என் தோளுக்கு மேலாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. நானும் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.