தீவட்டி வீரனுக்குத் தங்கச்சி இல்லை

என் மனதை விட்டுப் போகாத மச்சான் மீராசாவுக்கு,

கபுருக் குழிக்குள் இருக்கிறவர்களுக்குச் சலாம் சொல்லலாம் என்று பள்ளிவாசல் லெவ்வை சொல்லியிருக்கிறார். கடிதம் எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார். ஆகவே உனக்குச் சலாம் சொல்லிவிட்டுக் கடிதத்தையும் எழுதுகிறேன்.

எழுதுவது உனக்குத்தான். ஆனால் ஊர் படிக்க வேண்டும் என்றே இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நீ மவுத்தாகி நான்கு வருஷமாகியும் ஊர் உன்னைப் பொய்யன் என்றே சொல்லுகிறது. அந்தப் பெயரை உன்னிடமிருந்து கழற்ற வேண்டும். எனக்கு வேறு வேலை இல்லை.

முதலில் செய்தியைச் சொல்லுகிறேன். தீவட்டி வீரன் மறுபடியும் வந்துவிட்டான். அந்தப் படத்தின் மூன்றாம் பாகம். கூடாரத்தில் இல்லை, இப்போது தகரக் கூரை போட்ட கொட்டகை வந்திருக்கிறது. தப்பு அடித்துக்கொண்டு வண்டியில் நோட்டீஸ் கொடுத்துப் போனார்கள். நான் ஒன்று வாங்கினேன்.

முதற் பாகம் வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மற்றவர்கள் படிக்கிறார்கள், அதனால் சொல்லுகிறேன். பாண்டிருப்புப் பக்கத்து வெளியில் கூடாரம் அடித்தார்கள். அந்தக் காலத்துப் படம் பேசாது. இடைக்கிடை இங்கிலீஷ் எழுத்து வரும். அதை வாசித்து, திரைக்குப் பக்கத்தில் நின்று சனத்துக்கு விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கம்பனிக்காரன் கூட்டிவந்த ஆளுக்குக் காய்ச்சல். கடற்கரையில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்த உன் குரலைக் கேட்டுவிட்டு அவன் உன்னைப் பிடித்துக்கொண்டான்.

உனக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும் என்று ஊர் சொல்லியது. நானும் சொல்லித் திரிந்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், ஒரு கிழிந்த அரிச்சுவடியையும் பிஸ்கட் தகரங்களையும் வைத்துக்கொண்டு நானே படித்த இங்கிலீஷ். அதை வைத்துத்தான் ஊராருக்காக அரசாங்கத்துக்குப் பெட்டிசம் எழுதிச் சீவித்தேன். அன்று உன் காலடியில் குந்தியிருந்து எழுத்தை வாசித்துச் சொன்னேன். நீ அதைக் குரலாக்கினாய்.

மச்சான், என்ன குரல் அது! தீவட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் எரிகிற பாலத்துக்கு மேலால் குதிரையைப் பாய்ச்சும்போது, நீ சூரை மீனுக்கு ஏலம் கூறுகிறதைப் போல மூச்சு விடாமல் கத்தினாய். சனம் எழுந்து நின்றது. வில்லன் மந்திரியை நீ வட்டவிதானை ஆக்கினாய். வாய்க்காலைத் திறக்காமல் வயலைக் காயவிடுகிற வட்டவிதானை! எங்கள் சொந்த வட்டவிதானையார் இரண்டாம் வாங்கில் இருந்தார். "படத்தில இரிக்கிறவனத்தான் செல்லுறன், நீங்க கோவிக்காதீங்க" என்று நீ இடையில் அவருக்கு ஒரு சமாதானமும் சொன்னாய்.

பிறகு அவள் வந்தாள். குதிரையில் வந்து அவனுக்குப் பக்கத்தில் இறங்கினாள். எழுத்து வந்தது, ஐந்தாறு வரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ குனிந்து, "ஆரு மச்சான் இவள்?" என்று கேட்டாய். அதற்குள் எழுத்துப் போய்விட்டது. சனம் உன் வாயைப் பார்த்தது. நீ என் வாயைப் பார்த்தாய்.

"தங்கச்சி" என்றேன்.

ஒரு குமரும் ஓர் ஆம்பிளையும் தனியாகக் காட்டில் குதிரை ஓட்டுகிறார்கள். அவள் வேறு யாராக இருந்தாலும் ஊர் கூடாரத்தைப் பிடுங்கியிருக்கும். அதை நினைத்துத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன், அவ்வளவுதான்.

நீ ஒரு கணமும் யோசிக்கவில்லை. "இவ அவர்ட தங்கச்சி செய்னம்பு! வாப்பா உம்மா இல்லாத புள்ள! காக்காவ உட்டா அவளுக்கு ஆருமில்ல!" என்று கத்தினாய். கூடாரம் முழுக்க உச்சுக் கொட்டியது. படம் பார்க்காத பெண்களும் அந்தக் கதையைக் கேட்டு அழுதார்கள். அந்த வருஷம் பிறந்த பெண்பிள்ளைகளில் எத்தனை செய்னம்பு! கூடாரம் திரும்பத் திரும்ப வந்தது. படமும் வந்தது, உன் குரலும் வந்தது. அவனும் அவன் தங்கச்சியும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

உலகச் சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் இரண்டாம் பாகம் வந்தது. பேசுகிற படம், தமிழ்ப் படம். உனக்கு அங்கே வேலை இல்லை. நீயும் நானும் மற்றவர்களைப் போல வாங்கில் இருந்தோம். அவன் வாயைத் திறந்தான். "பெண்ணே! அஞ்சற்க!" என்றான். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பயப்படாத கா தங்கச்சி, நான் இரிக்கன்" என்றல்லவா அவன் எங்களிடம் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்? யாரைக் கேட்டு அவனுக்கு இந்தக் குரலைக் கொடுத்தார்கள்?

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்தப் படத்தில் முதன்முறையாக அந்தக் குதிரையின் குளம்புச் சத்தம் கேட்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தச் சத்தத்துக்காக மட்டும் இன்னும் பத்து முறை பார்த்திருப்பேன்.

ஆனால் பாதியில் அவன் அவளை மாலினி என்று கூப்பிட்டான். உயிரே என்றான். அவள் கழுத்தில் மாலை போட்டான்.

ஒருவர் "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று எழுந்தார். "தங்கச்சியல்லவா! படத்த நிப்பாட்டுடா!" வாங்கு பறந்தது. கூடாரக்காரன் ஓடிவந்து கைகூப்பினான். அவள் இளவரசி என்றும், அவனுக்கே நிச்சயித்த பெண் என்றும், முதற் பாகத்து எழுத்திலேயே அது இருந்தது என்றும் சொன்னான். "தங்கச்சி எண்டு உங்களுக்குச் சொன்னவன் ஆரு?" என்று கேட்டான்.

எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பியது. நீ எழுந்தாய். "நான்தான். நம்மட ஊருக்கு ஏத்த மாதிரி இரிக்கட்டும் எண்டு மாத்திச் சொன்னன்" என்றாய். என் பக்கம் நீ பார்க்கவே இல்லை. நான் இரண்டு முழம் தள்ளி இருந்தேன். காலடி மணலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று. "நான் கத்துறவன் மச்சான். கத்துறவன நாலு நாள் ஏசிப்போட்டு மறந்துருவானுகள். உனக்கு வாசிப்புப் போனா வேற என்ன இரிக்கி?" என்றாய்.

நான்கு நாளில் மறந்தார்களா? கடற்கரையில் நீ கூறினால், "மீராசா, உன்ட விலையில எது தங்கச்சி, எது பொஞ்சாதி?" என்று சிரித்தார்கள். ஏலம் கூறுகிறவனுக்குச் சொல்தான் கைம்முதல். சிரிப்பு நிற்கவில்லை. தோணிக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்தார்கள். நீ கோமாரியில் ஒரு தென்னந்தோட்டத்துக்குக் காவலாகப் போனாய். ஒரு நாள் அங்கிருந்து மாட்டுவண்டியில் மையித்தாக வந்தாய். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிப் போகும்போதும் பின்னால் ஒருவன், "பாவம், பொய்யன் எண்டாலும் நல்ல குரல்" என்றான். நான் திரும்பி அவனை அடித்திருக்க வேண்டும். திரும்பவே இல்லை.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது மீராசா. என்னைக் கேட்காமல் அதை ஏன் உன் தலையில் போட்டாய்? நான் கெஞ்சினேனா? நீ போட்ட பாரத்தை நீ இறக்கிவிட்டுப் போய்விட்டாய். நான் அல்லவா சுமக்கிறேன்?

இப்போது மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன். நோட்டீஸ் வண்டி போன அன்று உன் தங்கச்சி, என் பெண்சாதி சபியா, கடைக்குப் போய்விட்டு முகம் சிவக்க வந்தாள். எவனோ அவளைப் "பொய்யன்ட தங்கச்சி போறா" என்றானாம். "படம் புடிச்சவன்தான் பொய்யன். என்ட காக்கா சொன்னதுதான் சரி" என்று பதில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் ஒரு படமும் பார்த்தவள் இல்லை. உன் வாயை மட்டும் நம்பியவள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "எங்கட வாப்பா கட்டித் தந்த ஊட்டுல இரிந்து, என்ட கையால சோறு திண்டுக்கிட்டு, என்ட காக்காவ ஊரு ஏசக்கொள்ள பேசாம இரிந்தீங்களா?" என்றாள். "எனக்கிட்ட ரகசியமாச் செல்லி என்ன? ஊரு கத்தித்தான் ஏசின. நீங்களும் கத்திச் செல்லுங்க." அன்றிலிருந்து சோறு வைக்கிறாள். பேச்சு இல்லை.

படத்துக்குப் போனேன். மச்சான், அவனைக் கொன்றுவிட்டார்கள். முதல் அரை மணிக்குள் முதுகில் குத்துப்பட்டு ஒரு பாட்டும் பாடிச் செத்தான். பிறகு மகன் வருகிறான். காற்சட்டை போட்ட மகன். தீவட்டிக்குப் பதிலாகக் கையில் டோர்ச் லைட்! பகலிலும் அதை அடித்துக்கொண்டு ஆடுகிறான். செத்த வீரனுடைய குதிரை மட்டும் ஆளில்லாமல் தனியாக வீட்டுக்கு வந்து வாசலில் நின்றது. அந்த இடத்தில் அழுதேன். இவ்வளவு கெட்ட படத்தில் என்னை அழவைக்க இவர்களுக்கு என்ன உரிமை?

அவளும் வந்தாள், கிழவியாக. செத்தவனைப் பார்த்தாள். முதற் பாகத்தில் பார்த்த அதே பார்வை. பெண்சாதியின் பார்வை. அது முதல் நாளிலேயே திரையில் இருந்தது. நாங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே, காதால் கேட்டதை நம்பியிருக்கிறோம்.

இடைவேளையில் திரையில் விளம்பரம் போகும்போது வாங்கில் ஏறி நின்றேன். கத்திச் சொன்னேன். தங்கச்சி என்று சொன்னது மீராசா இல்லை, நான். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியவில்லை. அவன் எனக்காகப் பொய்யன் ஆனான்.

"இரிங்க மாமா, மறைக்கிது!" என்றது ஒரு குரல். "எந்தத் தங்கச்சி? இந்தப் படத்தில தங்கச்சியே வரல்லியே!" என்றது இன்னொன்று. பாதிச் சனம் முதற் பாகத்துக் காலத்தில் பிறக்கவே இல்லை. உன்னைப் பொய்யன் என்கிறார்கள், ஏனென்று அவர்களுக்குத் தெரியாது. பெயர் மட்டும் இருக்கிறது, காரணம் செத்துப்போய்விட்டது. செத்த காரணத்தை நான் எப்படித் திருத்துவேன்?

விளங்கிக்கொண்டவர்கள் கிழவர்கள் மட்டும்தான். வயற்காரர் அவக்கர் எழுந்தார். "அப்ப என்ட காணிக்கு வந்த இங்கிலீஸ் கடிதாசிய நீ எப்பிடி வாசிச்ச? அதுவும் தங்கச்சிதானா?" கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. "மச்சானும் மச்சானும் ரெண்டு பேரும் பொய்யன்தான்" என்று ஒருவர் தீர்ப்பும் சொன்னார். உன் பெயரைக் கழற்றப் போனேன். எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு வந்தேன். உன்னுடையது அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு என்னிடம் பெட்டிசத்துக்கு ஆள் வருவதில்லை. நீ என்னைக் காப்பாற்ற நினைத்ததும் வீணாகிவிட்டது. அதற்காக வருந்துகிறேன் என்று நினைக்காதே. உன் ஏலம் போன அன்றே என் வாசிப்பும் போயிருக்க வேண்டும்.

கொட்டகையில் நடந்ததை அறியாத ஒருவர், முந்தாநாள் நிந்தவூரிலிருந்து ஓர் இங்கிலீஷ் கடிதம் கொண்டுவந்தார். வாசித்துச் சொன்னேன். நடுவில் இரண்டு வரி புரியவில்லை. அவர் என் வாயைப் பார்த்தார்.

"இந்த ரெண்டு வரியும் எனக்குத் தெரியா" என்றேன்.

"ஓம், அப்ப வேற ஆரையும் கேட்டுப் பாக்கன்" என்று அவர் கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. சலாம் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் மச்சான். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு இலேசான ஒன்றைச் சொல்லாமல் அல்லவா உன்னைக் கோமாரிக்கு அனுப்பினேன்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான்காம் பாகமும் எடுக்கிறார்களாம். அதுவும் கெட்டுத்தான் இருக்கும். ஆனாலும் போவேன். அதிலும் வாங்கில் ஏறுவேன். சிரிக்கட்டும், இறக்கிவிடட்டும். கேட்க ஒருவர் இருந்தாலும் சொல்வேன், ஒருவரும் இல்லாவிட்டாலும் சொல்வேன்: மீராசா பொய் சொல்லவில்லை.

உன் பெயரைக் கெடுத்தவன், உன் மச்சான்,
உதுமாலெவ்வை