தூக்கலாமா, கூடாதா

மார்ச் 3, செவ்வாய்
மன்னித்துக்கொள் நோட்டே, இந்நேரத்தில் உன்னைப் பிரிக்கிறேன். மணி பன்னிரண்டரை. படுத்தால்தான் நெஞ்சு பேச ஆரம்பிக்கிறது. தட், தட் — ஒன்றை விழுங்குகிறது — பிறகு ஓர் உதை. இடது பக்கம் சுருக்கென்று குத்தல். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பாப்பாவுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை.

மார்ச் 5
பாப்பாவைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன். கையில் இருக்கும்போது நான் விழுந்துவிட்டால்? தரையில் உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள்கிறேன். அவள் என்னைப் படிக்கட்டு என்று நினைக்கிறாள். இவரிடம் இடுப்பு வலி என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6
கண்டுபிடித்துவிட்டார். "இடுப்பு வலிக்கிறவ எதுக்குடி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறுறே?"
நாளை டாக்டர்.

மார்ச் 7, சனி
டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சின்னதா ஒரு 'டிக்' சத்தம் வருது." பிறகு எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவே மைட்ரல் வால்வு, இரண்டு மடல் வைத்த கதவு. என்னுடையதில் ஒரு மடல் தொளதொளப்பாம். மூடும்போது மேலறைப் பக்கம் லேசாகப் பிதுங்குகிறது. நிறையப் பேருக்கு உண்டாம், பலருக்குத் தெரியவே தெரியாதாம். எனக்கு ரத்தம் பின்னால் கசியவில்லை. படபடப்பு, குத்தல், அசதி வந்து போகலாம். மயக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே போக வேண்டும்.
"ஒரு நாளைக்கு எத்தனை காபி?"
"ரெண்டு..."
இவர் தொண்டையைச் செருமினார்.
"ஆறு" என்றேன்.
தச்சு வேலை பார்க்கிறவர் அல்லவா, வழியெல்லாம் ஒரே பேச்சு: "கதவு தானே? என்கிட்ட சொல்லியிருந்தா கீல் மாத்தி விட்டிருப்பேன்."
எழுதிக்கொண்டு போன கேள்விகள் பதினேழு. பாப்பாவைத் தூக்கலாமா என்பதை மட்டும் கேட்காமல் வந்திருக்கிறேன். படித்தவளாம்.

மார்ச் 9
போனில் கேட்டேன். "தாராளமா தூக்குங்க. பின்னே, உருட்டிக்கிட்டா போவீங்க?" என்றார் டாக்டரம்மா. அப்புறம், "கூடப் பிறந்தவங்க யாருக்காவது இப்படிப் படபடப்பு உண்டா? சில குடும்பங்கள்ல இது தொடர்ந்து வரும்."
அக்கா. பரீட்சையா, பயணமா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நாடகக்காரி என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான்.

மார்ச் 10
அக்காவுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பாப்பா இடுப்பில், எழுத்து கோணல்.

"அக்கா, எனக்கு நெஞ்சுல ஒரு வால்வு தொளதொளப்பாம், குடும்பத்துல தொடர்ந்து வருமாம். உனக்கு வந்ததும் நாடகமா இல்லாம இருக்கலாம். தப்பு என்மேலதான். நீ பயப்படாதே, அந்த வேலையை நான் பார்த்துக்கிறேன். ஒரு தடவை டாக்டர்கிட்ட போய் நெஞ்சைக் காட்டிடு. என்னிக்குப் போறேன்னு சீக்கிரம் பதில் போடு."