ஏழாம் மேடைப் பெட்டிகளின் எடை கூடுவதற்கு என் ஓரகத்தி காரணமல்ல என்பது பற்றி

அனுப்புநர்:
பணியாளர் எண் 417,
ஏழாம் மேடை (கை சரியாகும் வரை: திரும்பி வரும் சரக்குப் பிரிவு),
தானியங்கிச் சரக்குக் கிடங்கு, வடக்கு வாசல்.

பெறுநர்:
தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: ஏழாம் மேடையின் கன்வேயர் பெல்ட்டும் எடைமேடையும் அமைந்திருக்கும் விதத்தில் உள்ள குறை – அக்குறைக்காகப் பணியாளர் எண் 588 மீது வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை – அதற்கு முன் தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பணியாளர் 588-க்குச் சென்ற திங்கட்கிழமை கொடுக்கப்பட்ட விளக்கம் கேட்கும் நோட்டீஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்படி கிடங்கில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அவற்றில் கடைசி இரண்டு ஆண்டுகள் ஏழாம் மேடையில். என் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதால், இந்த மனுவை நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். கையெழுத்து அழகாக இருந்தால் அந்தப் பெருமை அவருக்கு. உள்ளே இருக்கும் தப்பெல்லாம் என்னுடையது.

2. தானியங்கிக் கிடங்கு என்றதும் அங்கே ஆளே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் இருக்கிறோம், ஐயா. இயந்திரம் சரக்குத் தொட்டியைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் வைக்கும். விளக்கு எரியும். பக்கத்தில் மூன்று என்று எண் வந்தால் மூன்று சோப்பு, ஒன்று என்று வந்தால் ஒரு டார்ச் லைட். எடுத்து வாடிக்கையாளரின் பெட்டியில் போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால், பெட்டி சிறிய பெல்ட்டில் ஏறி, பெரிய பெல்ட்டில் சேர்ந்து, வளைவு திரும்பி, எடைமேடைக்குப் போகும். அந்தப் பெட்டி எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு முன்பே தெரியும். எடை சரியாக இருந்தால் பேக்கிங்குக்குப் போகும். இல்லையென்றால் ஓர் இரும்புக் கை வந்து பெட்டியைப் பக்கத்து வழியில் தள்ளிவிடும். அந்த வழிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'மாமியார் வீடு'. அங்கே போன பெட்டியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கவிழ்த்துக் கொட்டிவிட்டு அதே ஆர்டரை முதலிலிருந்து நிரப்பச் சொல்வார்கள். எண்ணுவதைவிட அதுதான் சீக்கிரமாம். தப்பு மட்டும் அனுப்பிய மேடையின் பெயரில் பதிவாகிவிடும்.

3. இப்போது குறையைச் சொல்கிறேன். கட்டடத்தின் வரைபடத்தில் இருந்தவை ஆறு மேடைகள்தான். ஆறு மேடைகளின் பெட்டிகளும் பெரிய பெல்ட்டில் சேர்ந்தபின், ஒரு வரிசை உருளைகள் அவற்றைப் பிரித்துவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கை நீட்டி இடைவெளி விட்டு நிற்க வைப்பது போல, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் இடம் இருக்கும். எடை பார்க்க அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆர்டர்கள் கூடியபோது ஏழாவதாக ஒரு மேடை தேவைப்பட்டது. துடைப்பமும் வாளியும் வைத்திருந்த மூலை காலியாக இருந்ததால் அங்கே போட்டார்கள். அந்த மூலை உருளைகளைத் தாண்டி இருக்கிறது. எங்கள் பெட்டி, இடைவெளி பிரித்து முடிந்த வரிசையில் நடுவே போய் நுழைகிறது. சிறிய பெல்ட் கிளம்பக் கொஞ்சம் யோசிக்கும் சுபாவம் உள்ளது. அது யோசித்து முடிப்பதற்குள் பின்னால் வரும் பெட்டி நெருங்கிவிடுகிறது. எங்கள் பெட்டியை நிறுக்கும் நேரத்தில் அந்தப் பின்பெட்டியின் மூக்கும் எடைமேடையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. அதன் கனம் எங்கள் கணக்கில் சேர்ந்து, நேரே மாமியார் வீடு.

4. இதை நான் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, பொத்தானை அழுத்தியதும் வலது உள்ளங்கையால் பெட்டியைப் பிடித்து நிறுத்தி, பெரிய பெல்ட்டில் நல்ல இடைவெளி வரும்போது முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பப் பழகிக்கொண்டேன். கண்ணால் பார்க்கக்கூடத் தேவையில்லை. பெட்டி வளைவு திரும்பும் சத்தத்திலேயே நேரம் தெரிந்துவிடும். நாளொன்றுக்கு அறுநூறு பெட்டிகள், அறுநூறு தட்டு. 'ஓடும் பெல்ட்டில் கை வைக்காதே' என்று சிவப்பு எழுத்தில் எழுதிய பலகை என் தலைக்கு மேலேயே தொங்குகிறது என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன். என் மேடையில் தப்பே விழவில்லை. 'இம்மாதத்தின் துல்லியமான கை' என்று இரண்டு முறை சான்றிதழ் கொடுத்து, என் போட்டோவைக் கேன்டீன் வாசலில் மாட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததற்குப் போட்டோ மாட்டியது எங்கள் கிடங்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

5. பெல்ட்டை வடிவமைத்த பொறியாளரைக் குறை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு அவர் நோட்டுப் புத்தகத்தோடு நேரில் வந்து, அரை மணி நேரம் என் பக்கத்தில் நின்றார். "அக்கா, இங்க ஏதாவது சிரமம் இருக்கா? மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று கேட்டார். நான் "ஒண்ணுமில்ல தம்பி, வெண்ணெய் மாதிரி ஓடுது" என்றேன். அவர் என் கையைப் பார்க்காமல் இருக்கும்படி உடம்பை வேறு கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். அவர் 'ஏழாம் மேடை: குறை இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். மெஷினைச் சரிசெய்துவிட்டால் அந்த மேடையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், என்னால்தான் முடியும் என்ற பேச்சு போய்விடும் என்ற பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

6. அறுநூறு தட்டின் பலனாக மணிக்கட்டு வீங்கியது. டாக்டர் ஆறு வாரம் கட்டுப் போட்டார். என் இடத்துக்கு மூன்றாம் மேடையிலிருந்து பணியாளர் எண் 588-ஐ மாற்றினார்கள். அவர் என் கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி. ஒரே வீட்டில் நாங்கள் மாடி, அவர்கள் கீழ்த்தளம். எங்கள் மாமியார் எனக்கென்று வாய்விட்டுச் சொல்லிவைத்த கண்ணாடி பீரோ எப்படியோ கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பதினான்கு மாதங்களாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. தண்ணீர் மோட்டார் போடச் சொல்வதென்றால்கூட என் கணவர் மாடியிலிருந்து இறங்கிப் போய்த்தான் தம்பியிடம் சொல்லிவிட்டு வருவார். மேடையை ஒப்படைக்கும்போது, கையுறையையும் பூட்டுச் சாவியையும் சூப்பர்வைசரிடம் கொடுத்து, "அவங்ககிட்ட குடுத்துடுங்க" என்றேன். பெட்டியைத் தட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. மறந்து போய்ச் சொல்லாமல் விட்டேன் என்று எழுதலாம். ஆனால் அது உண்மையாக இருக்காது. கொஞ்சம் திண்டாடட்டும் என்றுதான் நினைத்தேன்.

(இந்த இடத்தில் எழுதுபவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கால் மணி நேரம் கழித்துத் தொடர்கிறேன்.)

7. பணியாளர் 588 எழுத்துக்கு எழுத்து விதியைப் பின்பற்றுபவர். மருந்து பாட்டிலோடு வரும் சீட்டைக்கூடக் கடைசி வரி வரை படிப்பார். சிவப்புப் பலகை கை வைக்காதே என்கிறது, ஆகவே அவர் கை வைக்கவில்லை. பத்தொன்பது நாட்களில் அவர் பெயரில் ஏழாயிரத்து நூற்று அறுபத்து மூன்று தப்புகள் விழுந்தன. எல்லாமே எடை கூடிய தப்புகள். எடை கூடினால் பெட்டியில் அதிகமாகப் பொருள் போட்டிருக்கிறார் என்றுதான் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். தெரிந்தவர்களுக்கு வேண்டுமென்றே கூடுதல் பொருள் அனுப்புகிறாரோ என்று சந்தேகப்பட்டு, வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். ஐயா, கீழே கிடந்த ஒற்றைப் பட்டனைக்கூட அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பெண் அவர். பேச்சு வார்த்தை இல்லாத நாட்களிலும் அவருடைய கை சுத்தத்தை நான் சந்தேகித்ததில்லை. மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று அவர் சூப்பர்வைசரிடம் சொன்னபோது, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், அந்தக் கதையா இருக்கே" என்று சூப்பர்வைசர் சிரித்தாராம். பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால் இந்த ஒரு தடவை கூடம் உண்மையிலேயே கோணல்.

8. நோட்டீஸ் வந்த திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்குத் துணி எடுக்கக் கொல்லைப்புறம் இறங்கினேன். கீழ் வீட்டுச் சமையலறை சன்னல் திறந்திருந்தது. என் ஓரகத்தி வீட்டில் உள்ள சோப்பு, பிரஷ், தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு பேசினில் போட்டுவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு பேசினில் போட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணினார். பிறகு எல்லாவற்றையும் கொட்டி மறுபடி எண்ணினார். நடுவில் நிறுத்தித் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கைதான் தப்புச் செய்கிறது என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. பீரோ விஷயத்தில் அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், அந்தக் கோபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

9. மறுநாள் மதிய இடைவேளையில் ஏழாம் மேடைக்குப் போனேன். மேடை காலியாக இருந்தது. என் ஓரகத்தி சாப்பாட்டு நேரத்தை மாமியார் வீட்டில் கழிக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. தன் பெட்டிகளைக் கவிழ்ப்பதற்கு முன்னால் தானே எண்ணி எழுதிவைக்கிறார். நாற்பத்தொரு பெட்டிகள் எண்ணியிருக்கிறார், நாற்பத்தொன்றும் சரி. அந்த நோட்டை இத்துடன் இணைத்துள்ளேன். நான் மேடையில் நின்று பத்துப் பெட்டிகளைக் கை வைக்காமல் அனுப்பினேன். ஏழு மாமியார் வீட்டுக்குப் போயின. அடுத்த பத்தை இடது கையால் பிடித்து, தட்டி அனுப்பினேன். பழக்கமில்லாத கை என்பதால் கொஞ்சம் தடுமாறினேன், ஆனாலும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. சூப்பர்வைசர் தொடக்கத்திலிருந்து கடைசி வரை என் பின்னால் நின்றிருந்தார். சாட்சி சொல்வீர்களா என்று கேட்டதற்கு, "நான் எதையும் பார்க்கலக்கா, டீ குடிக்கத்தான் வந்தேன்" என்றார். அவர் கையில் டீ இல்லை. எனவே அவரைப் 'பார்க்காத சாட்சி' என்று குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

10. மேற்கண்ட காரணங்களால் நான் கேட்டுக்கொள்வதாவது:

அ) வெள்ளிக்கிழமை விசாரணை தொடங்குமுன் தாங்கள் ஏழாம் மேடைக்கு வந்து, யாரும் கை வைக்காமல் பத்தே பத்துப் பெட்டிகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். கால் மணி நேரம்கூட ஆகாது.

ஆ) மாமியார் வீட்டுக்குப் போகும் பெட்டிகளைத் தங்கள் முன்னிலையில் திறந்து எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஆள் வேண்டுமென்றால் 588-ஐ விடச் சரியாக எண்ணுபவர் எங்கள் கிடங்கில் இல்லை.

இ) பணியாளர் 588-க்குக் கொடுத்த நோட்டீஸைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். கூடுதல் பொருள் போட்டார் என்ற சொல் அவருடைய கோப்பில் ஓர் ஓரத்தில்கூட இருக்கக் கூடாது.

ஈ) பொறியாளரை மறுபடி வரவழைக்க வேண்டும். இடைவெளி பிரிக்கும் உருளைகளை எங்கள் மேடையைத் தாண்டி நகர்த்தி வைத்தால் போதும் என்பது என் எண்ணம். அவர் படித்தவர், இதைவிட நல்ல வழி அவருக்குத் தெரிந்திருக்கலாம். இந்தத் தடவை அவர் கேட்டால் உள்ளதைச் சொல்வேன்.

உ) ஓடும் பெல்ட்டில் கை வைத்ததற்கும், கேட்டபோது மறைத்ததற்கும் தண்டனை உண்டென்றால் அது எனக்கு மட்டுமே உரியது. வேலையே போனாலும் ஏற்றுக்கொள்கிறேன். கேன்டீன் வாசலில் இருக்கும் என் போட்டோவையும் கழற்றிவிடலாம்.

மெஷின் பொய் சொல்லாது என்கிறார்கள். இரண்டு வருடமாக அதற்காக நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் அது தன் வாயாலேயே பேசட்டும், அதைக் கேட்கத் தாங்கள் வர வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

இடம்: எங்கள் வீடு, கீழ்த்தளம்
நாள்: புதன்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
பணியாளர் எண் 417
(இடது கையால் போட்டதால் கோணலாக இருக்கும் இந்தக் கையெழுத்து என்னுடையதே.)

எழுதியவரின் குறிப்பு:

மேற்கண்ட மனுவை மனுதாரர் சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்தேன், பத்துப் பத்திகளும் ஐந்து கோரிக்கைகளும் உள்ளன. ஆறாம் பத்தியில் பீரோவைப் பற்றிச் சொல்லியிருப்பது மனுதாரரின் சொந்தக் கருத்து, அதில் எனக்கு உடன்பாடில்லை. மற்றவை நான் அறிந்தவரை உண்மை.

உ) கோரிக்கையை எழுதும்போது பேனாவில் மை குறைந்துவிட்டது. அந்த வரிகள் மங்கலாகத்தான் விழுந்திருக்கும். வேறு பேனா வீட்டில் இருந்தது, நான் தேடவில்லை. ஐயா அந்தப் பகுதியைச் சிரமப்பட்டுப் படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பணியாளர் எண் 588
(மனுதாரரின் ஓரகத்தி)