வியாழன் நாலு மணிக்கு

2025 ஜூன் 9, திங்கள்

மேனேஜர் மோகனராஜ் சேரின் பையில் ஒரு ஸிப் இருக்கிறது. அவர் அதை இழுத்து மூடும் சத்தம் கேட்டால்தான் எங்கள் ஆபீஸ் முடியும். வேலை ஐந்து மணி வரை என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. கடிதம் கோப்பில் இருக்கிறது.

இன்று எனக்கு ஐந்துக்கு முன்பே வேலை தீர்ந்துவிட்டது. போன வாரம் கப்பலேறிப் போய்விட்ட தேயிலைப் பெட்டிகளின் பத்திரங்களைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசை ஷிஹாப் பழைய மெயில்களுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தான். ஓவர்டைம் என்று எழுதவும் முடியாது, நாங்கள் எக்ஸிகியூட்டிவ்களாம். புதிதாகச் சேர்ந்த சுகிர்தா மட்டும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஹாஃப் டேயா தங்கச்சி?" என்றான் ஷிஹாப்.

எல்லோரும் சிரித்தோம். நானும். பிள்ளை திரும்ப உட்கார்ந்துவிட்டது.

ஜூலை முடிவில் அசிஸ்டன்ட் மேனேஜர் ஒருவரைப் போடப்போகிறார்கள். எனக்கா, ஷிஹாபுக்கா என்பதுதான் பேச்சு. இந்த நேரத்தில் யார் முதலில் எழுவது? ஆபீஸ் இருக்கும் பிலிமத்தலாவையிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து வீடிருக்கும் திகன, இரண்டு பஸ். வந்தபோது மகள் நிலு தூங்கிவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

பாண் வாங்க நிலுவையும் கூட்டிக்கொண்டு மஹ்மூத் நானாவின் கடைக்குப் போனேன். "வாங்க உஷா மகள்!" என்றார். யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. நிலு என் கையை விட்டுவிட்டு டொபி போத்தல்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

"நானா, இவ பேரு நிலூஷா."

"அப்படியா? உஷான்னுதானே புள்ள சொன்னிச்சி?"

வீட்டுக்கு வந்து மனைவி பரிமளத்திடம் கேட்டேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, "இப்பதான் தெரியுமா? பேரு கேட்டா 'நி'யிலேயே நின்னுருதுங்க. அதான் உஷான்னு சொல்லிக்கிறா," என்றாள்.

திக்குகிறாள் என்று தெரியும். சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறு வயதுப் பிள்ளை தன் பெயரையே மாற்றி வைத்துக்கொள்ளும் அளவுக்குப் போயிருக்கிறது, அப்பனுக்குத் தெரியாது. வீட்டில்தானே இருக்கிறேன்? இருக்கிறேனா?

ஜூன் 19, வியாழன்

காய்ச்சல் என்று ஆபீசுக்குப் பொய் சொல்லிவிட்டு பேராதனையில் உள்ள கிளினிக்குக்குப் போனோம். பேச்சுப் பயிற்சி தரும் மிஸ்ஸின் பெயர் ஷஹ்மா. முதலில் பரிமளத்தை நிலுவோடு விளையாடச் சொன்னார். பிள்ளை பொம்மைக்கு சோறு கொடுத்தது, மருந்து கொடுத்தது, கதை கதையாகப் பேசியது. இரண்டு மூன்று இடத்தில்தான் நின்றது. பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

"என்ன செய்ற நிலு? இது யாரு? இவருக்கு என்ன வேணுமாம்?" — நான் நன்றாகத்தான் பேசினேன் என்று நினைத்தேன். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. சொல் வரவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

வெளியே கூப்பிட்டு மிஸ் சொன்னார்: "இது உங்களால வந்த ஒண்டு இல்ல, பயப்படாதீங்க. ஆனா உங்கட அவசரம் புள்ளைக்குப் பாரம். அவ முடிக்க முந்தி நீங்க அடுத்த கேள்விக்குப் போயிடுறீங்க. அதால அம்மா வந்தா மட்டும் பத்தாது. நீங்கதான் வரணும்."

தமிழில் பயிற்சி கொடுக்க இங்கே அவர் ஒருவர்தான், அதுவும் வியாழன் நாலு மணிக்குத்தான் எங்களுக்கு இடம். அடுத்தடுத்து இரண்டு தடவை வராவிட்டால், காத்திருக்கும் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம்.

ஒவ்வொரு வியாழனும். மோகனராஜ் சேரிடம் இதை எப்படிக் கேட்பது?

ஜூன் 20, வெள்ளி

கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கேட்டுவிட்டேன். வியாழனில் மட்டும் ஷோர்ட் லீவ், மற்ற நாட்களில் அந்த வேலையை முடித்துத் தருகிறேன் என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

"குடும்பந்தானே முக்கியம் யுகேஷ், போயிட்டு வாங்க," என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "நான் யாரையாச்சும் இருங்கன்னு சொல்லியிருக்கேனா?" என்றார்.

உண்மைதான். அவர் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அதற்கு ஒரு பதிலாவது சொல்லலாம்.

ஜூன் 26, வியாழன்

மூன்று மணிக்குப் பையை எடுத்தேன். கதவு வரை போக விட்டுவிட்டு, "என்ன மச்சான், ஹாஃப் டேயா?" என்றான் ஷிஹாப். மொத்த ஆபீசும் சிரித்தது. கண்ணாடி அறைக்குள் சேரும் சிரித்தார். சுகிர்தா மட்டும் சிரிக்கவில்லை. காது சூடாகி, பேராதனையில் இறங்கும் வரை ஆறவில்லை.

மிஸ் எனக்குக் கொடுத்த வீட்டு வேலை: தினமும் கொஞ்ச நேரம் நிலுவோடு உட்கார வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. அவள் தொடங்கிய சொல்லை நான் முடிக்கக் கூடாது. அவள் பேசி முடித்த பிறகும் சற்றுப் பொறுத்துத்தான் வாய் திறக்க வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! இன்று மட்டும் மூன்று தடவை அவள் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிவிட்டேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த பரிமளத்திடம் ஷிஹாபின் கதையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். நிலு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஹா... ஹா... ஹாஃப் டேன்னா என்னாப்பா?"

"வீட்டுக்கு நேரத்தோட போறவங்கள அப்படி கேலி பண்ணுவாங்கம்மா."

யோசித்தாள். இதில் என்ன கேலி இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

போக முடியவில்லை.

பையைத் தோளில் போட்ட பிறகு சேர் வந்து, "யுகேஷ், ஒரு சின்ன விஷயம், அஞ்சு நிமிஷம்," என்றார். ஒரு பத்திரத்தில் எடை பிழை. அதைத் திருத்த, அதோடு சேர்ந்த எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, பரிமளம். அவளும் பிள்ளையும் பேராதனையில் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து, வேறு பிள்ளை உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

நாளைக்குச் செய்யக்கூடிய வேலை. சத்தியமாக நாளைக்குச் செய்யலாம். ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை நான்?

வீட்டில் நிலு எதற்கும் "தெரியா" என்றாள். சாப்பிட்டாயா என்றாலும் தெரியா. அந்தச் சொல் அவளுக்குத் திக்காமல் வருகிறது.

அடுத்த வியாழன் போயா விடுமுறை, கிளினிக் இல்லை. 17ஆம் திகதியும் தவறினால் இடம் போய்விடும்.

ஜூலை 13, ஞாயிறு

முற்றத்தில் சிரட்டையில் மண் அடைத்து இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கு இட்லி கொடுத்தாள், சாப்பிட்டேன். வெகுநேரம் கழித்து அவளாகவே தொடங்கினாள். அங்கங்கே நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்துக்கொண்டு—

"உஷான்னா... ட... ட... டக்குனு சொல்லிரலாம்பா. ஆளுங்க போ... போறதுக்குள்ள."

எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆளுங்க போறதுக்குள்ளயாம். எந்த ஆளுங்க? நான்தானே அது? காலையில சப்பாத்துக்குள்ள காலை விட்டுக்கிட்டே "சொல்லு, சீக்கிரம் சொல்லு, பஸ் போயிரும்"னு நிக்கிறவன் நான்தானே? ஆபீஸ்ல ஒரு வேலையும் இல்லாம கதிரையைத் தேய்ச்சிக்கிட்டு கிடக்கேன், புள்ள மூணு எழுத்துச் சொல்றதுக்கு நேரமில்ல எனக்கு. என்ன மனுசன் நான்!

ஜூலை 16, புதன்

கப்பல் ஒன்று தாமதமாம். வாங்குபவர் கோபத்தில் இருக்கிறாராம். நாளைக்குப் பின்னேரம் எல்லோரும் கூடிப் பேசவேண்டி வரலாம் என்று சேர் பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னாரா? பார்த்த மாதிரித்தான் இருந்தது. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

பரிமளம் நிலுவின் கிளினிக் கொப்பியை மேசையில் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 17, வியாழன்

கூட்டம் இரண்டரைக்குத் தொடங்கியது. கப்பலைப் பற்றி அரை மணி நேரம் பேசியும் கப்பல் நகரவில்லை. மூன்றானதும் எழுந்தேன். கதிரை தரையில் கீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"சேர், நா... நான்..."

இரவெல்லாம் தயார் செய்த வசனம் அதற்கு மேல் வரவில்லை.

"போகணும், அதானே?" என்று மோகனராஜ் சேர் என் சொல்லை முடித்துவைத்தார். கையைக் கதவுப் பக்கம் காட்டினார்.

நான் சொல்ல இருந்தது அதுவல்ல. மகளுக்குப் பேச்சு வரவில்லை, இன்று போகாவிட்டால் இடம் போய்விடும், பத்திரங்களை எல்லாம் முடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல இருந்தேன். அதையெல்லாம் ஒரு சொல்லில் எடுத்துக்கொண்டுவிட்டார். நிலு தலையை ஆட்டுவாளே, அதே மாதிரி நானும் ஆட்டினேன். ஷிஹாப் கூட இன்று ஹாஃப் டேயா என்று கேட்கவில்லை.

பேராதனைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். இடம் இருக்கிறது. இன்று ஒரு சொல்லைக்கூட நான் பிடுங்கவில்லை என்று மிஸ் சொன்னார்.

ஜூலை 18, வெள்ளி

சேர் இன்று என்னோடு பேசவில்லை. கோபமா, வேலையா? ஐந்து மணிக்கே பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எழுந்துவிட்டு, எழுந்திருக்கக் கூடாதோ என்று பஸ் ஏறும் வரை யோசித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அசிஸ்டன்ட் மேனேஜர் வேலையை ஷிஹாபுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்காகப் பாதைகளை மூடியிருந்ததால் ஆபீசே மத்தியானத்தோடு முடிந்தது. பஸ் தரிப்பிடம் வரை ஷிஹாப் என்னோடு நடந்து வந்தான். "மச்சான், ஒனக்குத்தான் வரும்னு நெனச்சேன், அல்லாஹ் மேல ஆணையா," என்றான். அவன் பொய் சொல்லவில்லை. முகத்தில் சந்தோஷமும் இல்லை. இனி ஸிப் சத்தத்துக்குப் பிறகுதான் அவன் எழ வேண்டும். கை கொடுத்தேன். மனதார என்று எழுத ஆசை. பாதி மனதோடு.

பரிமளத்திடம் சொன்னேன். "சரி," என்றாள். பிறகு, "வியாழக்கிழமை போவீங்கதானே?" என்றாள்.

ஆகஸ்ட் 27, புதன்

ஐந்துக்கு நான் எழுந்ததும் பின்னால் இன்னொரு கதிரை நகரும் சத்தம். சுகிர்தா. ஒன்றாகவே படியிறங்கினோம். என்னைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை எழுந்ததா? அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லையே. அதற்காக அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ? எனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதும் இன்னும் தெரியாது. ஒவ்வொரு மாலையும் படியிறங்கும்போது அதே யோசனைதான். ஆனாலும் இறங்கிவிடுகிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மஹ்மூத் நானா இன்னும் உஷா என்றுதான் கூப்பிடுகிறார். நான் திருத்துவதில்லை. அவளே திருத்தட்டும்.

இன்று இரண்டு பஸ்ஸும் உடனே கிடைத்தன. திகனயில் இறங்கியபோது வெயில்கூட முழுதாகப் போகவில்லை. கேட்டைத் திறந்தேன். முற்றத்தில் மண் இட்லி அவித்துக்கொண்டிருந்த நிலு நிமிர்ந்து, என்னைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"ஹா..." என்றாள். நின்றது. "ஹா... ஹா..."

என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். பையைக் கழற்றிக் கீழே வைத்தேன். அவள் உயரத்துக்குக் குந்தினேன். பக்கத்து வீட்டுப் பைப்பில் தண்ணீர் பிடித்து முடித்து, மூடிவிட்டுப் போனார்கள். அவள் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"ஹா... ஹாஃப்... ஹாஃப் டேயா அப்பா?"

சற்றுப் பொறுத்து, "ஆமாம்மா," என்றேன்.