ஹெரால்டின் இடது பக்கம்

இன்று காலை ஒருவர் வந்து வண்டியின் போனெட்டைத் தூக்கிப் பார்த்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த ஹெரால்டில் போனெட் என்பது வெறும் மூடி இல்லை. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மூஞ்சி முழுவதுமே முன்பக்கமாகக் கவிழும். கவிழ்ந்ததும் பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காபி கொண்டுவருகிறேன் என்று சொல்லி உள்ளே போய், காபி போடாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர் பழைய கார்களைச் சேர்க்கிறவர், நல்ல மனிதர். பெங்களூரிலிருந்து நம் பிள்ளைதான் பேசி அனுப்பியிருந்தான். அறுபத்தேழு வயதில் தனியாக இருக்கிறவளுக்கு இந்த வண்டி எதற்கு என்று அவனுக்குக் கவலை. வந்தவர் வண்டியை மெச்சினார். இடது மட்கார்டில் இருக்கும் நசுங்கலை மட்டும் விரலால் தடவி, இதை ஒரே நாளில் எடுத்துவிடலாம் மாஷிமா என்று சித்தி முறை வைத்துச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். போன மாதம் வந்தவரையும் இப்படித்தான் அனுப்பினேன்.

அவர் போனதிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்களோடு எனக்குச் சண்டை இன்னும் முடியவில்லை.

கல்யாணமாகி நான் இந்த வங்காள ஊருக்கு வந்த புதிதில், பவானிபூர் வீட்டு மாடியில் நின்றுகொண்டு எனக்கு டிராமைக் காட்டாமல் இந்த வண்டியைக் காட்டியவர் நீங்கள். "அதோ போறது பார், உங்க மெட்ராஸ்ல பண்ணின வண்டி" என்பீர்கள். உங்கள் அப்பாவுக்குக் கம்பெனியில் ஒரு ஹெரால்ட் கொடுத்திருந்தார்கள். அதில்தான் நீங்கள் ஓட்டக் கற்றீர்கள். அவர் ரிடையர் ஆன அன்றே கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துப்போய்விட்டார்களாம். இந்தக் கதையை நாற்பது வருஷம் கேட்டிருக்கிறேன். மெட்ராஸிலேயே பிறந்த எனக்கு அந்த வண்டியின் மேல் ஒரு பிரியமும் கிடையாது. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது உங்கள் குரல் மாறும், பாங்க் ஆபீசர் தொனி போய்விடும். அது எனக்குப் பிடிக்கும்.

அதனால்தான், பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர், டாக்டராக இருந்த தன் அப்பாவின் ஹெரால்ட் அவர்கள் வீட்டு கேரேஜில் பழைய பேப்பர் கட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருத்தரிடமும் கேட்கவில்லை, வாங்கிவிட்டேன். சும்மா இருக்க முடியாத பிறவி என்று என்னைச் சொல்வீர்களே, சரிதான்.

பக்கத்துச் சந்தில் கார் பட்டறை வைத்திருந்த மிஸ்திரி ஏழு மாதம் கேட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் நீங்கள் பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்குப் போவீர்கள். நீங்கள் கிளம்பி அரை மணி கழித்து நான் பூட்டிக்கொண்டு கிளம்புவேன். கேட்டால் கோயில், தையல்காரர், பழைய டீச்சர்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அங்கே மிஸ்திரிக்கு டார்ச் பிடித்தேன். என்ன நீலம் அடிப்பது என்று அவரோடு இரண்டு வாரம் வாதாடினேன். ஒரு நாள் புடவை முந்தானையெல்லாம் கிரீஸ். பிடிபட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். நீங்கள் பார்க்கவே இல்லை. ஆண்பிள்ளைகள் எதைத்தான் பார்க்கிறார்கள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சிரித்தேனே! அதற்கு இரண்டு வருஷம் முன்பே நம் சின்னக் காரை விற்றுவிட்டு, மெட்ரோ இருக்கும்போது கார் எதற்கு என்றீர்கள். நம்பினேன். நடக்கும்போது என்னை எப்போதும் உங்கள் இடது பக்கம் வரச் சொன்னீர்கள். வயதான காலத்தில் ஒரு பிரியம் என்று அதையும் நம்பினேன். இடது கைப்பக்கம் வைத்த காபி மூன்று தரம் தட்டிக் கொட்டியது. மூன்று தரமும் உங்களைத் திட்டினேன்.

கொடுக்கிற நாளையும் நானேதான் பார்த்தேன். வாகனத்துக்கு ஆயுத பூஜையை விட நல்ல நாள் ஏது? நவமியன்று காலை மிஸ்திரி வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டுவிட்டு உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் வந்தீர்கள், நின்றீர்கள். அப்புறம் ஒரு கையை வண்டியின் மேல் வைத்து, கையை எடுக்காமலே அதை முழுதாக ஒரு சுற்று சுற்றி வந்தீர்கள். எவ்வளவு ஆசை பாருங்கள் என்று மிஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னேன். உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தீர்கள். "எங்கேடி பிடிச்சே இதை?" என்று கேட்டபோது உங்கள் கண்ணில் தண்ணீர்.

ஒரு ரவுண்டு போகலாம் என்றேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நாற்பது வருஷமாகக் கொலு வைக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது, பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கலாமா என்று கேலி செய்தீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓட்டுவதற்காகக் கொடுக்கிற வண்டியை ஓட்டக் கூடாத நாளில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்! சரி, நாளைக்கு என்றேன். அப்போது உங்கள் முகம் இளகியதைப் பார்த்தேன். அது சந்தோஷம் என்று நினைத்தேன், நிம்மதி என்று தெரியவில்லை.

மறுநாள் விஜயதசமி. நம் வீட்டு வழக்கம் உங்களுக்கு வினையாக வந்தது. புனர்பூஜை முடிந்ததும் பூஜையில் வைத்த எதையும் அன்றைக்கே கொஞ்சமாவது எடுத்துப் பழக வேண்டும். பிள்ளை இரண்டு வரி படிப்பான், நான் வீணையில் ஒரு வரி வாசிப்பேன், நீங்கள் ஸ்கூட்டரோ காரோ எடுத்து ஒரு சுற்று வருவீர்கள். ஒரு வருஷம்கூட நீங்கள் அதைத் தவறவிட்டதில்லை. அன்று குளியலறையில் வெகுநேரம் இருந்தீர்கள். வெளியே வந்து வேட்டியை இரண்டு தரம் கட்டினீர்கள். நான் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, சாவியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். சாவியை எடுத்துக்கொண்டீர்கள்.

நாம் குடியிருந்த லேக் கார்டன்ஸில் அந்தக் காலை நேரத்தில் கூட்டம் இல்லை. நீங்கள் மெதுவாகத்தான் ஓட்டினீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லா ஜன்னலையும் பார்த்துக் கையாட்டிக்கொண்டு வந்தேன். தெருவில் துர்கா பூஜைக்குப் போட்ட பந்தலைத் தாண்டும்போது, டாக் என்கிற பெரிய மேளத்தைத் தோளில் மாட்டிய டாக்கி ஒருவர் இடது பக்கச் சந்திலிருந்து வந்தார். வண்டி நிற்கும் என்று அவர் நினைத்தார், நானும் நினைத்தேன். மட்கார்டு போய் மேளத்தில் இடித்தது. தோல் கிழிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் மல்லாந்து விழுந்தார்.

மேளம் குறுக்கே இருந்ததால் அவர் பிழைத்தார். இல்லாவிட்டால் இடி அவர் மேல். நீங்கள் இறங்கி ரோட்டில் அப்படியே உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். பாங்குரா பக்கத்திலிருந்து பூஜைக்காக வந்த மெலிந்த மனிதர். "கிச்சு ஹொய் நி, பாபு," ஒன்றும் ஆகவில்லை என்று அவர்தான் உங்களைத் தேற்றினார். கிழிந்த மேளத்துக்கு நாளும் கிழமையுமாய் உடனே தோல் போட ஆள் கிடைக்கவில்லை. சாயங்காலம் தேவியை வழியனுப்பும்போது மற்ற டாக்கிகள் வாசிக்க, அவர் வெறுங்கையோடு ஓரமாக நடந்து போனார். நாம் இரண்டு பேரும் பால்கனியில் நின்று பார்த்தோம்.

வண்டியைத் தெருப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டுவந்து விட்டார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் நான் ஆரம்பித்தேன். "ஏன் நிறுத்தலை? கண்ணெதிர வந்தாரே!"

"இடது பக்கமா வந்தார். எனக்கு இடது பக்கம் கிடையாது."

அப்புறம் மெதுவாக எல்லாம் வந்தது. இடது கண்ணில் நீரழுத்தம், அந்தக் கண்ணில் பார்வையே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பென்ஷன்காரர்கள் கூட்டம் என்பதெல்லாம் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்தைப் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள். ஒரே வீட்டிலிருந்து ஒரே கிழமையில் இரண்டு பொய்யர்கள் அரை மணி இடைவெளியில் கிளம்பிப் போயிருக்கிறோம்.

"அப்போ சாவியை ஏன் வாங்கிண்டேள்?"

"நீ அவ்வளவு சந்தோஷமா நின்னுண்டிருந்தே."

உங்களை அடிக்கலாம் போல இருந்தது. இதுதான் அந்தச் சண்டை. எனக்காக ஒருத்தர் உயிரோடு விளையாடுவீர்களா? நான் நாற்பது வருஷம் கூட இருந்தும் என் சந்தோஷம் அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயமா உங்களுக்கு? அதே மூச்சில் என்னையும் கேட்டுக்கொள்கிறேன். ஏழு மாதம் ஒரு வண்டியின் ஒவ்வொரு ஆணியையும் பார்த்தவள், எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரை ஏன் பார்க்கவில்லை? மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. உங்கள் மேல் கோபம் என்று நினைத்தீர்கள். பாதிதான் உங்கள் மேல்.

லக்ஷ்மி பூஜை முடிந்த மறுநாள் சாவியை என் முன்னால் வைத்து, நீ ஓட்டு என்றீர்கள். அறுபத்தொரு வயதில் நானா என்று சண்டைக்கு வந்தேன். அந்த வயதில் கிரீஸ் பூசிக்கொள்ள முடிந்தவளுக்கு இது முடியாதா என்று கேட்டீர்கள். எல் போர்டை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் சரோவர் ஏரி ஓரமாகக் கிளம்பினோம். மிஸ்திரி ஒரு நாள் பார்க்க வந்து, தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

உங்களுக்கு ஒரு முறை இருந்தது. "இடது பக்கம் என்ன இருக்குன்னு சொல்லிண்டே ஓட்டு. நீ சொல்லலேன்னா பாக்கலேன்னு அர்த்தம்." சொன்னேன். இடது பக்கம் பால் வண்டி. இடது பக்கம் ஒருத்தர் பல் தேய்க்கிறார். இடது பக்கம் நாய், படுத்திருக்கிறது, எழுந்திருக்காது. முதலில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அதுவே நம் பேச்சாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாம் அவ்வளவு பேசியதில்லை. ஒரு தை மாதம் பாலம் தாண்டி சாந்த்ராகாச்சி ஏரிக்குப் போய், கரையோரம் வண்டியை நிறுத்தி, இடது பக்கத் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு வாத்தையும் உங்களுக்குச் சொன்னேன். தலையைத் திருப்பினால் நீங்களே பார்த்திருக்கலாம். நீங்கள் திருப்பவில்லை.

அங்கேதான் கேட்டேன், நான் இதை வாங்கியது தப்பா என்று. நீ வாங்கியிருக்காவிட்டால் கண்ணைப் பற்றிச் சொல்லியே இருக்க மாட்டேன், என்றைக்காவது மெட்ரோ படியில் விழுந்திருப்பேன் என்றீர்கள். அப்புறம், "அதை நீ என்கிட்ட கேக்கக் கூடாது. அந்த டாக்கிகிட்ட கேக்கணும்" என்றீர்கள். அதற்கப்புறம் ஐந்து வருஷமும் பந்தலுக்கு வந்த டாக்கிகளின் முகத்தைப் பார்த்தோம். அவர் வரவில்லை. போன வருஷம் நீங்களும் இல்லாமல், நான் மட்டும் போய்ப் பார்த்தேன்.

இவ்வளவும் எழுதியும் மனசு அடங்கவில்லை. மத்தியானம் பேனாவை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன். சதர்ன் அவென்யூ சிக்னலில் ஒரு டிராஃபிக் போலீஸ் சார்ஜென்ட் ஓரம் கட்டச் சொன்னார். நம் பிள்ளை வயது இருக்கும். வண்டி ஓட்டும்போது போனில் பேசக் கூடாது மாஷிமா என்றார். போனே எடுத்துவரவில்லை என்று பையைத் திறந்து காட்டினேன், இரண்டு காதையும் காட்டினேன். வாய் அசைந்துகொண்டே இருந்ததே, யாரோடு பேசினீர்கள் என்று கேட்டார்.

ஸ்லோகம் சொன்னேன் என்றால் விட்டிருப்பார். பொய் சொல்லப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரரோடு என்று பெங்காலியில் சொன்னேன். அவருக்கு இடது பக்கம் தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் குனிந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார். நிமிர்ந்து, இடது பக்கம் வேகமாக வந்துகொண்டிருந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, என்னைப் போகச் சொன்னார். பஸ் நின்னுடுத்து என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கியரைப் போட்டேன்.