மெதுவாகத் திறக்க வேண்டிய அட்டை

செவ்வாய்க்கிழமை போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பில் உன் அட்டை வந்தது. டிரைவர் அண்ணன் உறையை எடுத்து நீட்டும்போதே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைவாசம் அடித்தது. "மடங்காம கொண்டாந்துட்டேன்க்கா" என்றார். வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதிருப்பேன்.

மழைக்காலத்தில் நீ கண்ணை மூடியதிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன். ஊரெல்லாம் உன் கைவேலையைப் பார்த்து வாய்பிளந்தது; உன் வீட்டில் மட்டும் ஒன்றுகூட மிச்சமில்லை. செய்ததையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுவாய். உன் தையல் கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். உன்னுடையது என்று நான் தொட்டுப் பார்க்க இந்த அட்டை ஒன்றுதான் பாக்கி.

இந்த அட்டையை நீ முதலில் காட்டிய மத்தியானம் நினைவிருக்கிறது. கைவேலை செய்யும் நாம் ஆறு பேர், போடியிலும் தேவாரத்திலும் மலைமேல் எஸ்டேட்டிலுமாகச் சிதறிக் கிடந்தோம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு வாழ்த்து அட்டை செய்வதும், வாங்கியவர்கள் அதைப் பரணில் போடுவதும் உனக்குப் பிடிக்கவில்லை. துணி வெட்டும் மேசையில் ஒரு தட்டையான அட்டையை வைத்து, "தெற" என்றாய். நான் அவசரமாகக் கையை நீட்டினேன்.

"வெரசா தெறக்காத ஆத்தா. மலை எந்திரிக்க நேரம் வேணும்ல."

மெதுவாகத் திறந்தேன். ஒரே ஒரு காகிதம். அதில் சில வெட்டு, சில மடிப்பு. உள்ளே படுத்திருந்த மலை லேசாக நடுங்கி எழுந்து நின்றது. பச்சை ரவிக்கைத் துணியில் சரிவு, ஜரிகை நூலில் போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் பஞ்சு மேகம். கடை வாசலைப் பார்த்தேன். அங்கே நிஜ மலை நின்றுகொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "நான் எங்க செஞ்சேன், மடிப்புதான் செய்யுது" என்று சிரித்தாய்.

பிறகு சட்டங்களை ஆரம்பித்தாய். அட்டையில் யாரும் எழுதக் கூடாது, பெயரும் போடக் கூடாது. வாழ்த்தைத் தனிச் சீட்டில் எழுதிப் பின்பக்கப் பையில் செருக வேண்டும். சீட்டு, வாங்கியவருக்கே சொந்தம்; அட்டை அடுத்த விசேஷம் வரைக்கும் அவரிடம் இருந்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். எது பிய்ந்தாலும் கையில் வைத்திருப்பவள் சரிசெய்துதான் அனுப்ப வேண்டும். "ஒரு அட்டைக்கு இம்புட்டுச் சட்டமா, பஞ்சாயத்து போர்டுலகூட இல்லையே" என்று நான் கேலி செய்தேன். ஆனாலும் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கல்யாணத்துக்கும் அந்த ஒரே மலை ஜீப்பில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

செவ்வாயன்று அதை விளக்கடியில் விரித்து உன்னைத் தேடினேன். உன் பச்சைத் துணி இல்லை. நம் தேவாரத்து வசந்தியின் சுங்குடிச் சேலைத் துண்டு இருந்தது. ஜரிகை போன இடத்தில் சணல் நூல். பஞ்சுக்குப் பதில் யாரோ பழைய வேட்டியைப் பிரித்து ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. உன் சட்டத்தை இத்தனை ஒழுங்காகவா கடைப்பிடிக்க வேண்டும்? அடியில் இருந்த காகிதம் மட்டும்தான் உன்னுடையது. அதுவும் நடு மடிப்பில் நைந்து கிழிந்திருந்தது. அதை மட்டும் சரிசெய்ய யாருக்கும் தெரியாமல்தான் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி யாருக்கும் தருவதில்லை என்றுதான் முடிவு.

மறுநாள் வசந்தி போன் செய்தாள். அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. "அட்டை ஒங்கிட்ட வந்திருச்சாமுல்ல, வெரசா அனுப்பு" என்றாள். பிறந்த குழந்தைக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பீரோவைத் திறந்து அட்டையை எடுத்தேன்.

உன் காகிதத்தை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மடிப்பின் பின்னால் மெல்லிய மல் துணியை வைத்து ஒட்டினேன். பசையின் ஈரம் பட்டதும் அது குழைந்து, என் விரலுக்கடியிலேயே இரண்டாகப் போயிற்று. மைதாப் பசை அப்பிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியாக இருந்ததையும் நானே தொலைத்துவிட்டேன் என்று தோன்றியது.

அழுது முடித்துவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தேன். நீ அளவு எதுவும் எழுதித் தந்ததில்லை. ஆனால் உன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனை மத்தியானங்கள் பார்த்திருப்பேன். என் விரல் எங்கே மடிக்க வேண்டுமோ அங்கே மடித்தது, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. துணியையும் சணலையும் பழையபடி ஒட்டிக் காயவைத்துத் திறந்தேன். மலை லேசாக நடுங்கியது. பிறகு எழுந்து நின்றது. அதே நடுக்கம். எனக்குப் பயம் போல ஏதோ வந்து, கையெடுத்துக் கும்பிடலாமா என்றுகூட இருந்தது.

நேற்று அட்டை தேவாரம் போய்ச் சேர்ந்தது. வசந்தியின் மகளே போனில் கூப்பிட்டாள்.

"சித்தி, தெறந்தா மலை எந்திரிச்சு நிக்குது. அப்பத்துலருந்து மூடித் தெறந்து மூடித் தெறந்து பாத்துக்கிட்டே இருக்கேன். யாரு சித்தி செஞ்சது?"

உன் துணுக்கு ஒன்றுகூட இல்லாத அட்டை அது. பெயர் போடக் கூடாது என்பதும் உன் சட்டம்தான்.

நான் உன் பெயரைச் சொன்னேன்.