வேன் சாவி என் பையில

என்னங்க,

வேன் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்காதீங்க. அது என் பையில இருக்கு. பித்தப்பைக் கல்லை எடுக்க நான் அரசு ஆஸ்பத்திரியில சேரப் போறேன். நாளைக்கு ஆபரேஷன்.

"வேனை வித்தாவது தனியார்லதான் பார்ப்பேன்"னு நேத்து நீங்க குதிச்சது பாசத்துலதான், தெரியும். அதுக்காக ஒரு கல்லை எடுக்க நம்ம பிழைப்புலயே மண்ணைப் போடணுமா? சாயங்காலம் தனியார் ஆஸ்பத்திரியில நம்மகிட்ட ரேட்டு சொன்ன அதே டாக்டரம்மாதான் காலையில அரசு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்றாங்க. போன வாரம் அங்க வரிசையில என்னைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க. "இங்கயே வாம்மா, கை அதே கைதான்"னாங்க.

வேனைப் பார்க்க வர்றவருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பிடுங்க. குழம்பு அடுப்பு மேல இருக்கு. என் மேல இருக்கிற கோபத்தை அது மேல காட்டாம சாப்பிடுங்க.

பி.கு.: அங்க தலையணை தரமாட்டாங்களாம். என்னோடதை எடுத்துட்டு பஸ்ல வாங்க.

இன்னொண்ணு: வந்தவரைத் திருப்பி அனுப்பிட்டேன்னு சொன்னாத்தான் சாவி கைக்கு வரும். என்னைக் கூட்டிட்டு வர நம்ம வேன்தான் வரணும். முன்சீட்டு எனக்கு.